புல்வெட்டும் இயந்திரத்தின் முன்சக்கரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கல்லூரி வளாகம், விடுதி, எஸ்டேட் பங்களா, விளையாட்டு மைதானம் என்று நாள் முழுக்க ஓடுகிற புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இன்ஜினுக்கு என்ன ஆயில், பிளேடுக்கு எப்போது சாணை என்று எல்லாரும் விசாரிப்பார்கள். முன்சக்கரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது கழன்று தனியே உருண்ட பிறகுதான் போன் வரும். அப்படி வந்த கேள்விகளையும், நின்று கேட்டுவிட்டுப் போனவர்களின் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்த மாதிரி இயந்திரங்களைப் பற்றிய பதில்கள் இவை?

கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் 21 அங்குல ரோட்டரி இயந்திரத்தில் நான்கு சக்கரங்களும் நேராக உருளும், முன்சக்கரம் திரும்பாது. உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் ஜீரோ டர்ன் இயந்திரத்திலும், பின்னால் நடந்து ஓட்டும் அகலமான பெரிய இயந்திரத்திலும் முன்சக்கரங்கள் ஃபோர்க்கில், அதாவது சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் இரும்புக் கவையில் மாட்டப்பட்டு, அலுவலக நாற்காலியின் சக்கரம்போல் போகிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். கேஸ்டர் சக்கரம் என்பது இதுதான். கடைசி வகை, சின்ன டிராக்டர் வடிவில் ஸ்டீயரிங் வைத்தது. பதில்களில் பெரும்பகுதி கேஸ்டர் சக்கரத்துக்கு. தொல்லை கொடுப்பதும் அதுதான். சிலிண்டர் இயந்திரத்தில் முன்னால் உருளைதான் இருக்கும், அதை இங்கே தொடவில்லை.

முன்சக்கரம் சும்மா உருள்கிறது. இன்ஜினும் அதைச் சுற்றுவதில்லை. அதற்கு ஏன் இத்தனை கவனம்?

சும்மா உருள்கிற அந்தச் சக்கரம்தான் பிளேடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிளேடை மேலிருந்து மூடியிருக்கும் கூடுதான் டெக்; அது சட்டத்திலிருந்து தொங்குகிறது. சட்டத்தின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்பது இரண்டு முன்சக்கரங்கள். இடது டயரில் காற்று பாதி போய்விட்டால் இடது முன்மூலை இறங்கும். அந்தப் பக்கம் புல் கட்டையாக வெட்டுப்பட்டு, வலப்பக்கம் நீளமாக நிற்கும். மறு வரிசை ஓட்டி வரும்போது புல்தரையில் படிக்கட்டு தெரியும். மேடு வந்தால் இறங்கிய மூலை மண்ணையே சுரண்டும்; இரண்டு நாளில் அங்கே மஞ்சள் திட்டு. உடனே பிளேடு மொட்டையாகிவிட்டது என்று சாணைக்குக் கொண்டு வருகிறார்கள். பிளேடைக் கழற்றும் முன் குனிந்து இரண்டு முன்டயர்களையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பேரிங் போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது.

இனிச் சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து, ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுங்கள். ஆட்டம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் சக்கரப் பேரிங். ஃபோர்க்கோடு சேர்ந்து அசைந்தால், ஃபோர்க்கை மேலே தாங்கும் செங்குத்துத் தண்டின் பேரிங் அல்லது புஷ் (குண்டுகள் இல்லாத வெறும் உலோகக் குழாய்). இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பேரிங்கை மாற்றிவிட்டு, "மாற்றியும் ஆடுகிறதே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையை ஃபோர்க்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். காதைவிடக் கை நன்றாகச் சொல்லும். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. குழி விழுந்த பேரிங் என்றால் நறநறவென்று மணல் அரைபடுவது விரலுக்குத் தெரியும். கடைசியாக, பேரிங்கின் ஓரத்தை மூடியிருக்கும் சீல் பக்கம் பாருங்கள். கிரீஸ் கறுப்பாகவோ அதன் சொந்த நிறத்திலோ இருந்தால் கவலையில்லை. செங்காவி நிறத்தில் களிம்புபோல் வழிந்து ரிம்மில் கோடு போட்டிருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் துரு பிடித்துவிட்டது. அந்தப் பேரிங்குக்கு இனிமேல் கிரீஸ் அடித்துப் பயனில்லை.

வேகமாகப் போகும்போது முன்சக்கரம் படபடவென்று இடவலமாக அடித்துக்கொள்கிறது. ஏன்?

செங்குத்துத் தண்டில் இருக்க வேண்டிய பிடிப்பு போய்விட்டது. கேஸ்டர் தாராளமாகத் திரும்ப வேண்டும், ஆனால் தொளதொளவென்று திரும்பக்கூடாது. சில இயந்திரங்களில் தண்டின் மேல்நட்டுக்கு அடியில் குழிந்த ஸ்பிரிங் வாஷர்கள் இருக்கும். கேஸ்டர் பேரிங்கின் மேல் எப்போதும் ஓர் அழுத்தத்தை வைத்திருப்பது அவைதான். யாரோ ஒருமுறை கழற்றியபோது அவற்றைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள், அல்லது சாதாரண வாஷரைப் போட்டு முறுக்கியிருப்பார்கள். எந்தப் பக்கம் குழிந்திருக்க வேண்டும், எத்தனை வாஷர் என்பது இயந்திரத்தின் கையேட்டில் படத்தோடு இருக்கும்.

வாஷர் சரியாக இருந்தால் டயர் காற்றைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் ஒரு சுலபமான சோதனை: இடது சக்கரத்தை வலதுபக்கமும் வலதை இடதுபக்கமும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். அடிப்பது சக்கரத்தோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு சக்கரத்தில். பழைய பக்கத்திலேயே நின்றால் ஃபோர்க்கில் அல்லது தண்டில்.

முன்டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்?

கையேட்டில் என்ன இருக்கிறதோ அது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதுவரை அடைக்க வேண்டும் என்று பொருளில்லை. பல பெரிய இயந்திரங்களின் முன்டயர்கள் 15 முதல் 25 பிஎஸ்ஐ வரை கேட்கும். பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு அடிக்கும் 30, 32 இங்கே அதிகம். டயர் சின்னது, உள்ளே இடம் கொஞ்சம். கம்பிரசர் குழாயை வைத்த மாத்திரத்தில் முள் எகிறிவிடும். விட்டு விட்டு அடித்து, குறைந்த அளவைத் துல்லியமாகக் காட்டும் கேஜ் வைத்துப் பாருங்கள். லாரி டயர் கேஜில் 15க்கும் 20க்கும் வித்தியாசம் தெரியாது.

சேலத்தில் காற்று அடித்து மலைக்குக் கொண்டு போனால் என்ன ஆகும் என்று ஒரு விடுதி மேலாளர் கேட்டார். நல்ல கேள்வி. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதே டயர் கேஜில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். மேலே குளிர் என்பதால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி 1 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும். மிஞ்சுவது சொற்பம்தான். ஆனாலும் இறக்கிய கையோடு வெட்டத் தொடங்காமல், டயர் குளிர்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அளவு ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் பெரிதில்லை. இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதுதான் வெட்டைக் கெடுக்கும்.

வாரம் ஒரு பஞ்சர். டியூப் போடுவதா, திட ரப்பர் டயருக்கு மாறுவதா?

முதலில் எந்த முள் என்று பாருங்கள். சேலத்துச் சமவெளியில் பெரும்பாலும் நெருஞ்சி. மஞ்சள் பூவோடு தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். சீமைக்கருவேல வேலி ஓரம் வெட்டுபவர்களுக்கு அந்த முள் வேறு. நெருஞ்சியைக் காய்க்கும் முன்னே வேரோடு பிடுங்கினால் பஞ்சர் பாதிக்கு மேல் குறையும்.

டயருக்கு என்ன வழி என்றால், ஒன்றிரண்டு ஓட்டைக்கு டியூப்லெஸ் ஸ்டிரிப் போதும். சல்லடையாகிப்போன டயருக்கு டியூப் போடுங்கள். ஆனால் டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள்முனைகளைத் தடவிப் பார்த்து எடுக்காமல் டியூப் போட்டால் அன்று மாலையே அடுத்த பஞ்சர். தடவும்போது துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் நெருஞ்சிக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஊற்றியவுடன் ஓட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தேங்கிவிடும். வால்வு அடைபடுவதும், பிறகு பஞ்சர் ஒட்டுபவர் உங்களைத் திட்டுவதும் அதன் மறுபக்கம்.

திட டயர் அல்லது நுரை நிரப்பிய டயர் பஞ்சரே ஆகாது. கல் பாவிய பாதையைத் தாண்டித் தாண்டி வெட்டும் எஸ்டேட் பங்களாக்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் அதிர்ச்சியை டயர் வாங்காது, பேரிங்கும் ஃபோர்க்கும் வாங்கும். மெத்தென்ற கொரியன் புல்லில் மழை ஈரத்தில் திரும்பினால் தடமும் விழும். போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் திடம் என்று வைத்தால் டெக் மட்டம் ஒருநாளும் நிற்காது.

பஞ்சர் கடைக்கு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சில சின்னச் சக்கரங்களில் ரிம் இரண்டு பாதியாக போல்ட் போட்டுச் சேர்ந்திருக்கும். காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டுகளைத் தொட்டால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும். டயர் ஓரம் ரிம்மில் உட்காரவில்லை என்று எரியும் ஸ்பிரேயை அடித்துத் தீ வைக்கும் வித்தையும் வேண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் தடவி, டயரின் நடுவில் கயிறு சுற்றி முறுக்கிக் காற்று விட்டால் உட்கார்ந்துகொள்ளும். உட்காரத் தொடங்கியதும் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள்.

சக்கரப் பேரிங்கை நாமே மாற்ற முடியுமா?

முடியும். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

மேலே சொன்னதுபோல் தூக்கி நிறுத்தி, அச்சு போல்ட்டின் நட்டைக் கழற்றி, போல்ட்டை உருவுங்கள். துருவேறி வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவிடுங்கள். சுத்தியலால் மரையின் மேல் அடித்தால் மரை மழுங்கும். சக்கரம் இறங்கியதும் எந்த வாஷர் எந்தப் பக்கம், எந்த ஸ்பேசர் எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அச்சைச் சுற்றிப் புல்லும் நைலான் நூலும் இறுகிக் கிடக்கும். புல் ஓரம் வெட்டும் கருவியின் நூல்தான் அது. சீலை அறுப்பதில் அதற்கு நிகரில்லை. பிளேடால் அறுத்துச் சுத்தமாக எடுங்கள்.

ஹப்பின் உள்ளே இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த்துண்டு இருக்கும். அதை ஒதுக்கித் தள்ளி, எதிர்ப்புறத்திலிருந்து பித்தளைத் தண்டை வைத்து பேரிங்கைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு ஹப்பைக் கீறிவிடும். வெளியே வந்த குழாய்த்துண்டைத் தூக்கி எறியாதீர்கள். நட்டை முறுக்கும்போது அந்த இறுக்கம் ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து குழாய் வழியாக மறு பேரிங்கின் உள்வளையத்துக்குப் போகிறது. குழாய் இல்லாவிட்டாலோ, தேய்ந்து நீளம் குறைந்தாலோ, முறுக்கிய இறுக்கமெல்லாம் பேரிங் குண்டுகளின் மேல் பக்கவாட்டில் ஏறும். புதுப் பேரிங் சில நாளில் ஊளையிடத் தொடங்குவதற்குக் காரணம் தேடினால், அடிக்கடி இந்தத் தொலைந்த குழாயில்தான் போய் முடிகிறது.

ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகு புதுப் பேரிங்கை நேராக வைத்து, வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் படும்படி உள்ளே தள்ளுங்கள். அதே வெளிவிட்டம் உள்ள சாக்கெட்டோ, பழைய பேரிங்கின் வெளிவளையமோ இதற்குப் பொருந்தும். உள்வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியே போய் ஓடுபாதையில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போதுதான் தெரியும்.

உங்கள் இயந்திரத்தில் இருப்பது கப், கோன் என்று இரண்டாகப் பிரியும் டேப்பர் பேரிங் என்றால் கப்பையும் சேர்த்து மாற்றுங்கள். உருளைகளுக்கு நடுவே கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும்; மேலே தடவினால் உள்ளே போகாது. நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, லேசாகப் பிடிக்கிறது என்று தெரிந்ததும் சற்றுப் பின்வாங்குங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் திரும்பவும் புதிதாகப் போடுங்கள். சின்னப் பொருள்தான், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

கடையில் 6204 கொடுத்தார்கள். ஹப்பில் சரியாக உட்கார்ந்தது, ஆனால் போல்ட்டில் தொளதொளவென்று இருக்கிறது.

உங்கள் இயந்திரத்தின் அச்சு அங்குல அளவு. 6204 பேரிங்கின் உள்துளை 20 மில்லிமீட்டர். முக்கால் அங்குல அச்சு 19.05 மில்லிமீட்டர்தான். நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சந்து. அந்தச் சந்தில் போல்ட் ஆடி ஆடித் தேயும். தகரத்தைச் சுற்றிச் சந்தை அடைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. ஒரு வாரம் தாங்கும்.

அமெரிக்க இயந்திரங்களில் பல அளவுகள் அங்குலத்தில்தான் இருக்கும். 6204இன் வெளி அளவோடு முக்கால் அங்குலத் துளை வைத்த பேரிங்கும் தயாரிக்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும். டேப்பர் வகையில் முக்கால் அங்குலத்துக்கு எல்எம் 11949, ஒரு அங்குலத்துக்கு எல் 44643 என்ற எண்கள் பரவலானவை. கப்புக்குத் தனி எண் உண்டு. இவை டிரெய்லர் சக்கரங்களிலும் புழங்கும் எண்கள். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் வாழும் ஊர்கள் என்பதால், இந்தப் பக்கத்து பேரிங் கடைக்காரருக்கு எண்ணைச் சொன்னால் மேலே ஒரு விளக்கமும் வேண்டாம். பழைய பேரிங்கின் எண் அழிந்திருந்தால் அதையே கையோடு கொண்டு போங்கள், கூடவே அச்சு போல்ட்டையும். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் தகரமூடி. புல்வெட்டுக்கு ரப்பர் சீல்தான் வேண்டும். தகரமூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவில் சந்து இருக்கும். தூசியும் தண்ணீரும் போக அது போதும்.

பேரிங் இல்லாமல் புஷ் மட்டும் உள்ள சக்கரம் என்றால் உங்கள் பாடு சுலபம். லேத் பட்டறையில் அளவு கொடுத்து கன்மெட்டல் புஷ் கடைந்து வாங்கலாம். கிரீஸ் போக உள்ளே ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள்.

கிரீஸ் எப்போது, எவ்வளவு?

கையேடுகள் மணிக்கணக்கில் சொல்லும். 50 மணி, 100 மணி என்று இயந்திரத்துக்கு ஏற்ப மாறும். அது வறண்ட தரைக் கணக்கு. ஏற்காட்டில் மழைக்காலத்தில் பனியும் மழையும் மாறி மாறி இருக்க, ஈரப் புல்லில் வெட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை அடிப்பது நல்லது. நாள் வேலை முடிந்து, பேரிங் சூடாக இருக்கும்போதே அடித்தால் ஈரத்தை வெளியே தள்ளிவிடும்.

கிரீஸ் ஏற்றும் சின்ன முனையான நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டுக் கிரீஸ் கன்னை மாட்டுங்கள். துடைக்காமல் அடித்தால் நிப்பிள் முனையில் ஒட்டியிருக்கும் மண்ணை நீங்களே பேரிங்குக்குள் ஊட்டுகிறீர்கள். மெதுவாக அழுத்தி, சீல் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். வழிய வழிய அடிப்பது தாராளம் ஆகாது; சீல் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இருபுறமும் ரப்பர் சீல் வைத்த பேரிங் என்றால் கிரீஸே வேண்டாம்.

எந்த கிரீஸ்? ஏபி 3 என்று கடைகளில் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் சமவெளியில் போதும். மலையில் தண்ணீரில் கரையாமல் நிற்கும் கிரீஸாகக் கேளுங்கள். வகை மாற்றினால் பழையதை முழுக்க வழித்துவிட்டு மாற்றுங்கள். ஒத்துப்போகாத இரண்டு கிரீஸ் கலந்தால் இளகி எண்ணெயாக ஒழுகிவிடும்.

கிரீஸ் அடிப்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கார் கழுவும் அழுத்தக் குழாயை முன்சக்கர நடுவில் நேராகப் பிடிக்காதீர்கள். மழை செய்யாத கெடுதலை அது செய்யும். இயந்திரம் பளிச்சென்று நிற்கும், பேரிங்குக்குள் தண்ணீர் நிற்கும்.

இயந்திரத்தை டெம்போவில் ஏற்காட்டுக்குக் கொண்டு போனோம். இறக்கியதிலிருந்து ஒரு முன்சக்கரம் வெளியே சாய்ந்து நிற்கிறது.

கயிற்றை ஃபோர்க்கின் மேல் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சேலத்திலிருந்து மேலே போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு பக்கம் சாயும்போது இயந்திரத்தின் எடையெல்லாம் அந்தக் கயிறு வழியாக ஃபோர்க்கில் தொங்குகிறது. கட்ட வேண்டியது சட்டத்தில், நான்கு மூலைக்கும் நான்கு திசையில். கேஸ்டருக்குக் கட்டை மட்டும் போடுங்கள்.

சாய்ந்த ஃபோர்க் லேசான வளைவு என்றால் பிரஸ்ஸில் வைத்துக் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம். விரிசல் இருந்தால் சாணை பிடித்து அடிவரை திறந்து, நல்ல வெல்டரிடம் கொடுத்து, உள்மூலையில் ஒரு முக்கோணத் தகடு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் இயந்திரத்தில் வைத்தே நடக்கிறது என்றால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். செங்குத்துத் தண்டு வளைந்திருந்தால் மட்டும் நான் வெல்டிங்குக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒட்டுப் போட்ட தண்டு சரிவில் ஒடிந்தால் ஓட்டுபவர் முன்னால்தான் விழுவார். அசல் தண்டு வாங்குங்கள். தாமதம் ஆகும் என்றால் இஎன் 8 எஃகில் லேத்தில் கடைந்து போடுங்கள்.

சரிவில் வெட்டும்போது முன்சக்கரம் சறுக்குகிறது. டயர் மாற்றினால் சரியாகுமா?

டயரில் கொஞ்சம் சரியாகும், மீதி உங்கள் கையில். ஜீரோ டர்ன் இயந்திரத்தைத் திருப்புவது பின்சக்கரங்கள். முன்கேஸ்டர் வழிகாட்டுவதில்லை, இழுத்த இழுப்புக்குப் போகும். பின்சக்கரம் பிடிப்பு இழந்த அந்தக் கணத்தில் இயந்திரத்தைத் திருப்ப உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. உட்கார்ந்து ஓட்டும் இயந்திரங்களுக்குப் பொதுவாக 15 டிகிரிதான் எல்லை; சில கையேடுகள் அதற்கும் குறைவாகச் சொல்லும். 15 டிகிரி என்றால் ஒரு மீட்டர் போவதற்குள் 27 சென்டிமீட்டர் ஏற்றம். ஒரு மீட்டர் பலகையும் மட்டப்பலகையும் இருந்தால் அளந்துவிடலாம். அதற்கு மேல் சரிந்த இடத்தையும், மழை விட்ட கையோடு இருக்கும் புல்லையும், கல்சுவர் விளிம்பையும் நடந்து தள்ளும் இயந்திரத்துக்கு விட்டுவிடுங்கள். அதையும் சரிவுக்குக் குறுக்காகத் தள்ளுங்கள், ஏறி இறங்கி அல்ல.

தள்ளும் இயந்திரத்தின் பிளாஸ்டிக் சக்கரம் கோணலாக ஓடுகிறது.

நடுத்துளை முட்டை வடிவமாகியிருக்கும். சக்கரத்தை மாற்றுங்கள், முடிந்தால் பேரிங் வைத்த சக்கரமாக. பழைய அச்சு போல்ட்டின் வழவழப்பான பகுதியில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். உயரம் மாற்றும் நெம்புகோலின் பல் தேய்ந்திருந்தாலும் சக்கரம் ஒரு பக்கம் இறங்கும். முன்சக்கர இழுவை உள்ள இயந்திரத்தில் சக்கரத்தின் உள்பக்கப் பல்லைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் இன்ஜின் ஓடும், சக்கரம் நழுவும். சாய்த்து வைத்துப் பார்க்கும்போது ஏர் ஃபில்டர் மேலே இருக்கட்டும், பெட்ரோல் குழாயை அடைத்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றிவிட்டோம், இன்னும் வெட்டு சமமில்லை.

டெக் மட்டம் பார்க்கவில்லை. டயர் காற்றைச் சரிசெய்த பிறகு, சிமென்ட் தரையில் நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு பிளேடு முனையிலிருந்து தரைக்கு அளவெடுங்கள். இடமும் வலமும் ஒரே அளவு. முன்முனை பின்முனையைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் வெட்டிய புல்லை மறுபடி மறுபடி அடித்து இன்ஜின் திணறாது. காற்றுக்கு முன் மட்டம் பார்த்தால் இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அவர்கள் பார்க்க மாட்டார்களா?

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நான் பார்த்த பலவற்றில் இன்ஜின், பெல்ட், பிளேடு என்று எழுதியிருக்கும். "சக்கரம்" என்ற சொல் தேய்மானப் பொருள்கள் என்ற விலக்குப் பட்டியலில் இருக்கும். ஒரு கல்லூரியில் ஆண்டு முழுக்க சர்வீஸ் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள். முன்னால் இருந்த நான்கு நிப்பிளின் மேலும் தொழிற்சாலைப் பெயின்ட் உடையாமல் அப்படியே இருந்தது. கிரீஸ் கன் ஒருமுறைகூட அங்கே தொடவில்லை.

ஓட்டுகிறவரிடம் ஒரு கேஜும் ஒரு கிரீஸ் கன்னும் கொடுத்துவிடுவதுதான் வழி. "அண்ணே, அதெல்லாம் மெக்கானிக் வேலை" என்று முதலில் சொல்வார்கள். சக்கரம் ஆடுவதை எல்லாருக்கும் முன்னால் உணர்கிறவர் அவர்தான். இருக்கையிலேயே அவருக்குத் தெரியும். அவர் சொன்னால் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது முழுதாகக் கழற்றிப் பார்ப்பது நல்லது? என்னென்ன வாங்கி வைக்கலாம்?

மலையில் மே மாதக் கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன், ஏப்ரல் தொடக்கத்தில். அப்போது எல்லா விடுதியிலும் இயந்திரம் ஓய்வின்றி ஓடும். சக்கரம் போனால் கேட்டவுடன் யாரும் வர மாட்டார்கள், நானும்தான். மழை முடிந்து ஜனவரியில் இன்னொரு முறை. சமவெளியில் ஆண்டுக்கு ஒருமுறை போதும். நீண்ட நாள் நிறுத்தினால் பலகையின் மேல் நிறுத்துங்கள், ஈர மண்ணில் வேண்டாம்.

வாங்கி வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு சக்கரத்துக்கு உரிய பேரிங் ஜோடியும் சீலும், நைலான் வளைய நட்டுகள், இரண்டு கிரீஸ் நிப்பிள், ஒரு டியூப், வால்வு முனைகள். வசதி இருந்தால் டயரோடு கூடிய முழுச் சக்கரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டதைக் கழற்றி நல்லதை மாட்டிவிட்டு அன்றைய வெட்டை முடித்துக்கொண்டு, பழுதை மறுநாள் நிதானமாகப் பார்க்கலாம்.